துணிக்கு வரி, நூலுக்கு விலக்கு

இறக்குமதி எதிர்ப்பாளர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மேடை ஏறினால் தேசம், இறங்கினால் சொந்தத் தறி. நம்மவர் விசைத்தறி முதலாளி, போதாததற்குச் சங்கத் தலைவர். எந்தக் கூட்டமானாலும் "நாட்டுக்கு ஒரு வேலி வேணும்" என்றே ஆரம்பிப்பதால் வேலிக்காரர் என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்க, இவர் குடோனில் விற்காத துணி கூரையை முட்டியது. மனிதர் சும்மா இருப்பாரா? அமைச்சர் அலுவலக வராந்தாவில் தவம் கிடந்து, உதவியாளரைக் காக்காய் பிடித்து, தொழிலாளி வயிறு, தாய்நாட்டு மானம் என்று குரல் தழுதழுக்கப் பேசி, ஒருவழியாக இறக்குமதித் துணிக்கு வரியும், இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு கோட்டாவும் வாங்கிவிட்டார். சங்கமே கைதட்டியது. கையோடு தன் துணியின் விலையையும் ஏற்றினார்.

முதலில் வந்தவள் தங்கை. சட்டை தைக்கும் பட்டறை நடத்துகிறவள்.

"வரி போட்டது அவங்க துணிக்குத்தானே அண்ணா? உன் துணி ஏன் ஏறுச்சு?"

"மார்க்கெட் அப்படிம்மா. நான் என்ன பண்ண?"

"பாதி மெஷின் நின்னு போச்சு. தைக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனாள். அவருக்கும் என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் தறியெல்லாம் ஓடுகிற சத்தத்தில் உறுத்தல் எங்கே கேட்கிறது?

நூற்பாலைக்காரர்களும் மனிதர்கள்தானே? அதே வராந்தா, அதே தழுதழுப்பு. இறக்குமதி நூலுக்கும் வரி வந்தது. வேலிக்காரரின் தறி ஓடுவதே வெளிநாட்டு நூலில். நூற்பாலை வைத்திருக்கும் சம்பந்தியிடம் ஓடினார்.

"நூல் மூலப்பொருள் சம்பந்தி. அதுக்குப் போய் வரி கேக்கலாமா?"

"வேலி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"வேணும்தான். அதுக்காக என்னையும் சேர்த்து வெளியே நிறுத்துறதா?"

சம்பந்தி சிரித்துக்கொண்டே நூலின் புது விலையைச் சொன்னார்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இருக்கிற துணியையாவது தள்ளிவிடலாம் என்று தங்கை வீட்டுப் படி ஏறினார், பழைய விலைக்கே தருவதாக.

"துணி வேண்டாம் அண்ணா. பட்டறையை மூடிட்டேன். வெளிநாட்டுச் சட்டையா எடுத்து விக்கிறேன். சட்டைக்குத்தான் வரி இல்லையே."

அவர் படி இறங்கினார். மறுநாள் காலை அமைச்சர் அலுவலக வராந்தாவில் இருந்தார், சட்டைக்கும் வரி கேட்டு. பெஞ்சில் அவருக்கு முன்பே தங்கை உட்கார்ந்திருந்தாள், அதைப் போடக்கூடாது என்று கேட்க. அண்ணனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

சிரிக்கிறீர்களா? கடையில் இரண்டு சட்டையைப் புரட்டிவிட்டு மலிவானதை எடுத்தவர் நீங்கள். சரி, அதை விடுங்கள். உங்கள் ஆபீசில் பாதிச் சம்பளத்துக்கு வெளியாள் ஒருவரை எடுத்தார்களே, அன்று என்ன பேசினீர்கள்? மறந்திருந்தால் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கும்.