பொன்னுருக்கு நாளில் இடம் திரும்பிய நிழல்

நானாட்டான்,
ஆவணித் திங்கள்.

விடத்தல்தீவில் வாழும் பெருமதிப்பிற்குரிய தனஞ்சயன் அவர்களே, இக்கடிதம் உரத்து வாசிக்கப்படும்போது பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருக்கப்போகும் அவர்தம் துணைவியாரே, கதவுக்குப் பின்னே நின்று செவிமடுக்கப்போகும் மகள் டிலானியே, உங்கள் மூவரையும் வணங்கி என் முறையீட்டை முன்வைக்கிறேன். சம்பந்தி என்று அழைக்கும் உரிமையை ஆனி மாதத்தில் என்னிடமிருந்து பறித்தீர்கள்; ஏமாற்றுக்காரன் என்னும் பெயரை அதற்கு ஈடாகத் தந்தீர்கள். முன்னதை இழந்தது துயரம். பின்னதைச் சுமப்பது அநீதி.

உங்கள் இல்லத்தில் யாவரும் நலமென நம்புகிறேன். இங்கே நானும் என் இல்லாள் புஸ்பமும் உடலால் நலம். மணமகனாக இருந்திருக்கவேண்டிய என் மகன் துஷாந்தன் உண்கிறான், உறங்குகிறான், உழவு இயந்திரத்தோடு வயலுக்குப் போகிறான். என்னோடு மட்டும் பேசுவதில்லை.

தைப்பொங்கலன்று எங்கள் சனசமூக நிலைய முன்றிலில் நான் ஆற்றிய உரையை நீங்களும் கேட்டீர்கள்; கைதட்டியவர்களுள் நீங்களும் ஒருவர் என்பதை மறுக்கமாட்டீர்கள். கடிகார முள் ஏன் வலப்பக்கமாகவே சுழல்கிறது என்று அவையைக் கேட்டேன். அவை விழித்தது. கடிகாரம் செய்த மனிதனின் முன்னோன் நிலத்தில் கம்பு நட்டு நிழல் பார்த்தவன். காலையில் மேற்கே கிடக்கும் நிழல் நண்பகலில் வடக்கே ஒதுங்கி, மாலையில் கிழக்கே சாய்வதை நாள்தோறும் கண்டவன். அந்த நிழல் நடந்த வழியிலேயே பின்னவன் முள்ளையும் நடக்கவிட்டான் என்று விளக்கினேன். உங்கள் மணிக்கட்டில் சுழல்வது முள்ளன்று, இரும்பில் வார்த்த நிழல் என்று முழங்கினேன். முழங்கியதோடு நின்றிருந்தால் இன்று வரப்போகும் பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்போம். நான் நிற்கவில்லை. வீட்டு முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, நிழலின் நுனி மணிக்கு மணி எங்கே தங்கியதோ அங்கெல்லாம் கல் பதித்தேன். கம்புக்கு வடக்கே கற்கள் அரைவட்டமாய் அமைந்தன. தை மாதம் முழுவதும் நிழல் அவற்றின்மேல் ஒரு மாணவனைப்போல் ஒழுங்காக நடந்தது; அதன்பின் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆனி மாதத்தில் தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறித்தோம். நல்ல நேரத்தை அந்நிழலே அறிவிக்கட்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். வந்தவர்களின் கைபேசிகளையும் கடிகாரங்களையும் ஒரு பனையோலைக் கடகத்தில் வாங்கி வைத்தவனும் நான்தான். பொன்வேலை ஆசாரியார் கரியை மூட்டினார். பொன் தட்டில் இருந்தது. நிழலோ கற்கள் இருந்த வடக்கை விட்டு, கல்லே இல்லாத தெற்குப் பக்கத்தில் விழுந்துகிடந்தது. காலை வெயிலின் சோம்பல் அது, சற்றில் கற்களுக்கு வந்துவிடும் என்று அறிவித்தேன். அதுவரை அவை வாளா இருத்தல் தகாது என்று ஒலிவாங்கியை எடுத்தேன். நிழல் முன்னும் நான் பின்னுமாகப் போட்டி நடந்தது. நான் பேசப் பேச அது கற்களை விட்டு மேலும் விலகியது. எங்கள் அயலவர், நெல் வாங்கி விற்கும் மீராசாஹிபு, முன்வரிசையிலிருந்து, “அண்ணன், நிழல் கிணத்தடிப் பக்கமெல்லோ போகுது, குளிச்சிட்டு வருமாக்கும்” என்றார். கூட்டம் சிரித்தது. என் உவமைக்குச் சிரிக்கிறது என்று கருதி அவ்வுவமையை மீண்டும் சொன்னேன். கடகத்துக்குள் உங்கள் கைபேசி அலறியது. நல்ல நேரம் தொடங்குவதை அறிய நீங்கள் முன்னரே வைத்திருந்த மணி அது என்பதை நான் எவ்வாறு அறிவேன்? அதன் ஓசையை என் குரலால் அடக்கினேன். அது மறுபடி அலறியது; மறுபடியும் அடக்கினேன். கரி நீறாகப் போகிறது, ஊதவா விடவா என்று ஆசாரியார் கேட்டார். “மைக்கை இந்த மனுசன்ர கையில குடுத்தா, நல்ல நேரமும் வரிசையில நிண்டுதான் போகவேணும்” என்று புஸ்பம் உங்கள் துணைவியாரிடம் சொன்னதும் என் செவியில் விழுந்தது.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். கடகத்தைக் கிளறிக் கைபேசியை எடுத்துப் பார்த்தீர்கள். நல்ல நேரம் முடிந்து இராகுகாலம் தொடங்கிவிட்டிருந்தது. “உங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கேல்லையெண்டா அண்டைக்கே வாயைத் துறந்து சொல்லியிருக்கலாம். நிழலைச் சாட்டி ஏன் நேரத்தை இழுத்தடிச்சனீங்கள்?” என்றீர்கள். நிழல் வலம் வராமல் இடம் சுற்றிய வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று துணைவியார் கேட்டார். வாகனம் புறப்பட்டது. என் வாழ்நாளில் முதன்முறையாக ஒலிவாங்கியை நானாகவே கீழே வைத்தேன்.

அன்று முதல் கம்பின் அருகே அமர்ந்து எண்ணலானேன். மண்டபம் முகாமில் அகதியாய் வாழ்ந்த ஆண்டுகளில் மேடைத்தமிழ் கற்றேன். நிழலைப் பார்க்கக் கற்கவில்லை. இப்போது கற்றேன். தையில் கதிரவன் நமக்குத் தெற்கே நின்று போகிறான். நிழல் வடக்கே விழுந்து வலம் திரும்புகிறது. சித்திரையில் அவன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறான்; அவன் மீளும்வரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது, ஆகவே இடம் திரும்புகிறது. கடிகாரம் பிறந்த குளிர்நாடுகளில் கதிரவன் ஒருநாளும் தலைக்குமேல் வருவதில்லை, என்றும் தெற்கேதான். அங்குள்ளவன் நிழல் ஒரு பக்கம் திரும்பியதை மட்டுமே கண்டான். தான் கண்டதையே உலகுக்கெல்லாம் சுவரில் மாட்டிவிட்டான். உங்கள் தம்பியார் வாழும் மெல்பேணில் நிழல் என்றும் இடமாகவே திரும்பும். கடிகாரம் அங்கே பிறந்திருந்தால் முள்ளும் இடமாகவே சுழன்றிருக்கும். நாமும் அதையே வலம் போன்ற சிறப்பென்று போற்றியிருப்போம். நாம் இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் மண்ணினர். நம் நிழல் இரு பக்கமும் திரும்பும். இதைக் குறையென்று நான் கருதவில்லை. இதை மீராசாஹிபுவிடம் சொன்னபோது அவர் கம்பை ஒருமுறை சுற்றி வந்தார். “மக்காவில நாங்க கஃபாவை இடக்கைப் பக்கமா வச்சுத்தான் சுத்துறம், அண்ணன். ஒருத்தரும் அதைக் குறையெண்டு சொன்னதில்ல” என்றார். துணைவியாரின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

ஆகவே தனஞ்சயன் அவர்களே, நான் பொய்யனல்லன். தையில் கண்டதை ஆனிக்கும் விதித்த அறியாமை என்னுடையது. உங்கள் மகளை வேண்டாம் என்னும் எண்ணம் என் வீட்டில் எவருக்கும் ஒருபோதும் இருந்ததில்லை. சொல்லை நம்பவேண்டாம், கண்ணை நம்புங்கள். நாளைக் காலை புறப்பட்டு வாருங்கள். என் முற்றத்தில் கதிரை இட்டு அமர்ந்து, நிழல் இடம் திரும்புவதை நீங்களே காணுங்கள். கண்டபின் தீர்ப்புக் கூறுங்கள்.

உங்கள் குடி தழைக்கவும், டிலானி எல்லா நலமும் பெறவும், விடத்தல்தீவுக் கடலில் மீன் வளம் குன்றாதிருக்கவும் வாழ்த்தி அமைகிறேன்.

அன்புள்ள,
கனகரத்தினம்.

பின்குறிப்பு: இக்கடிதத்தைச் செதுக்கிய நாள்களில் நான் முற்றத்துக்கு இறங்கவில்லை. சற்றுமுன், நண்பகலில், உறுதி செய்துகொள்ளச் சென்றேன். கதிரவன் மீண்டுவிட்டான். நிழல் விரற்கடை அளவு வடக்கே சாய்ந்து கிடக்கிறது. நாளை நீங்கள் வந்தால் அது வலமாகத்தான் திரும்பும். நான் சொன்னது முற்றும் பொய்யென்றே தோன்றும். துஷாந்தன் வந்து பக்கத்தில் நின்று பார்த்தான். ஆனிக்குப் பின் இன்றுதான் சிரித்தான். “இனி என்னப்பா, சித்திரை மட்டும் விடத்தல்தீவு ஆக்களைப் பொறுத்திருக்கச் சொல்லப்போறியளோ?” என்றான். அதுவே அவன் என்னோடு பேசிய முதற்சொல். சித்திரைவரை அவனால் பொறுக்க முடியாது. டிலானியாலும் முடியாதென்று நினைக்கிறேன். கடிதத்துக்காக மீராசாஹிபு மோட்டார்ச் சைக்கிளோடு வாசற் படலையில் நிற்கிறார்; மாற்றி எழுத நேரமில்லை. மேலே எழுதியவற்றை விட்டுவிடுங்கள். காட்டச் சான்று என்னிடம் எதுவுமில்லை. ஆயினும் வாருங்கள். பொன் அப்படியே இருக்கிறது, ஆசாரியாரும் வரச் சம்மதித்துவிட்டார். நேரத்தை உங்கள் கைபேசி சொல்லட்டும், ஒலிவாங்கி புஸ்பத்தின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நாளைக்கே வாருங்கள், சம்பந்தி.