புழு இல்லாத காலிஃபிளவர்

ஒரு காட்டில் ஒரு புலிக்குக் கொழுப்பு கூடிவிட்டது. திமிரைச் சொல்லவில்லை, அது பிறவியிலேயே உண்டு. இது ரத்தத்தில் கூடிய கொழுப்பு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. துரத்தப் போனால் மான் நின்று திரும்பி, "உடம்புக்கு என்னங்க?" என்று விசாரித்தது. ஒரு புலிக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்.

கரடி டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தம் சரியாகிற வரைக்கும் கறியைத் தொடக்கூடாது. காய்கறி சாப்பிடுங்க."

காடே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. கறியைத் தொடக்கூடாது என்றது எல்லார் காதிலும் விழுந்தது. அதற்கு முன்னால் இருந்த மூன்று வார்த்தை ஒருத்தர் காதிலும் விழவில்லை. நல்ல சேதியைப் பாதி கேட்டதும் ஆட்டம் போடுவதுதான் மிருக புத்தி. அன்று மாலை முயல்கள்கூட மயில் மாதிரி ஆடின. பார்க்கச் சகிக்கவில்லை.

புலி லேசில் மசியவில்லை. புடலங்காயைத் துப்பியது. பீர்க்கங்காயை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுரைக்காயைப் பார்த்ததும், அதைக் கொண்டுவந்த குரங்கை மேலும் கீழும் பார்த்தது. குரங்கு மரமேறியது, இறங்கவில்லை. கடைசியில் காலிஃபிளவரை மிளகு போட்டு மொறுமொறுவென்று வறுத்து வைத்தார்கள். புலி மென்றது. கண்ணை மூடியது.

"கோழி மாதிரி இருக்கு" என்றது.

காடு பிழைத்தது. ஆனால் காலிஃபிளவர் பனிக்காலத்துப் பயிர். மலைச்சரிவுத் தோட்டத்தில் மாசியோடு சரி. வெயில் ஏறிவிட்டால் வருவதெல்லாம் மஞ்சளடித்து, விரிந்து, வாடை வீசும். அதைப் புலியின் தட்டில் வைக்க முடியாது. கோடையில் அதற்கு என்ன போடுவது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைத்தான் காட்ட நினைத்தார்கள்.

"ஃப்ரீசர்ல வைக்கலாம்" என்றாள் செண்பகவல்லி.

செண்பகவல்லி ஒரு சருகுமான். முயல் அளவு உடம்பு, யானை அளவு வாய். அவள் வீட்டுக்காரரைப் போன கோடையில்தான் புலி தின்றது. இந்தக் கோடை தன் முறை என்று அவளுக்குள் ஒரு நடுக்கம். அதை வெளியில் காட்டமாட்டாள். வெளியில் காட்டியதெல்லாம் சுத்தம். ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பாள். புல்லைக் கழுவித் தின்பாள். யாராவது கழுவாமல் தின்றால் பக்கத்தில் நின்று முகம் சுளிப்பாள். காட்டில் புலிக்கு அடுத்தபடி எல்லாரும் ஒதுங்கிப் போனது அவளைக் கண்டுதான்.

காட்டோரத்தில் ஆளில்லாத பங்களா ஒன்று இருந்தது. அதில் ஒரு ஃப்ரீசர் பெட்டி, கரண்டோடு. ஆளில்லாத வீட்டுக்கு யார் கரண்ட் பில் கட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. புலி வறுவல் தின்றதை நம்பினீர்கள் அல்லவா, இதையும் நம்புங்கள்.

தோட்டத்திலிருந்து பூவைத் தூக்கிவர ஒரு பலசாலி வேண்டும். காட்டுப்பன்றி மாசிலாமணி வந்தான். குளித்து எந்தக் காலமோ. அப்பன் வைத்த பேர் மட்டும்தான் அவன் உடம்பில் சுத்தம்.

முதல் சுமையை அவன் இறக்கியதுமே செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

"என்னடா இது?"

"பூ, அக்கா."

"இதுவா பூ? விரிச்ச குடையாட்டம் இருக்கு. பூ நெருக்கமா இருக்கணும். மணல் மணலா பிரிஞ்சு நின்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம். இலையைப் பாரு, உன் காது மாதிரி தொங்குது. கையில வாங்கினா கனக்கணும். இது பஞ்சு."

"திங்கப்போறது புலிதானேக்கா."

"அதனாலதான்டா சொல்றேன். அதுக்குப் பூ பிடிக்கலைன்னா அடுத்து உன்னைத்தான் பிடிக்கும்."

மாசிலாமணி திரும்பவும் தோட்டத்துக்கு ஓடினான். இந்தத் தடவை கனத்த பூவாகக் கொண்டுவந்தான். வந்த வேகத்தில் ஓடையில் முக்கப் போனான். அவள் ஒரு கத்து கத்தினாள்.

"தண்ணி காட்டாதே. இன்னிக்கே வேலை செய்யாத பூவை நனைச்சு வச்சா கறுப்புப் புள்ளி விழும். தேக்கிலையில சுத்து. காம்பு மேல, பூ கீழ. ஈரம் பூ மேல தங்கக்கூடாது."

"புல்லையே கழுவுறவ நீ. இதைக் கழுவாதேங்கிறே."

"திங்கறப்போ கழுவணும். வைக்கிறப்போ கழுவக்கூடாது. மண்டையில ஏறுதா?"

ஏறவில்லை. ஏறாததைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

ஃப்ரீசரின் மேல்தட்டை அவள் எடுத்துக்கொண்டாள். பூவைச் சிறுசிறு கொத்தாகப் பிரித்தாள். உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். பச்சைப் புழுக்கள் நெளிந்துகொண்டு மிதந்து வந்தன. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே எடுத்துப்போட்டாள். பிறகு கொதிநீரில் ஒரு முக்கு, உடனே குளிர்ந்த தண்ணீர். வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றினாள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி உறையவைத்து, கல்லு கல்லாக ஆனபின் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிக் கட்டினாள். தண்டையும் இளம் இலையையும் வீணாக்கவில்லை. தானே தின்றாள், கழுவித்தான். மாசி முடிவதற்குள் உடம்பு தேறி மினுமினுத்தாள்.

கீழ்த்தட்டு மாசிலாமணிக்கு. கழுவவில்லை, பிரிக்கவில்லை, வேகவைக்கவில்லை. பூவை முழுசாக உள்ளே எறிந்தான். மழையில் நனைந்ததையும் எறிந்தான். கதவு மூடவில்லை என்று பின்புறத்தால் ஒரு தள்ளு தள்ளினான். மூடிக்கொண்டது.

"உள்ள புழுவெல்லாம் இருக்குமேடா."

"குளிர்ல செத்துடும்கா."

"செத்தா என்ன, போயிடுமா?"

"அதுக்கும் ஒரு இடம் வேணாமா" என்றான் மாசிலாமணி.

கோடை வந்தது. மேல்தட்டுப் பூ ஒவ்வொரு பையாக வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று, உதிரி உதிரியாக, அன்று பறித்தது மாதிரி. புலி தின்றது. தூங்கியது. நடந்தது. மூச்சு வாங்கவில்லை. மான்கள் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டன. தோளில் சதை முறுக்கேறியது. அதைப் பார்த்துக் காடு மகிழ்ந்தது. கூறுகெட்ட காடு.

"செண்பகம், உன் கை பட்டாலே தனி ருசி" என்றது புலி.

செண்பகவல்லி அதைப் போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். வீட்டுக்காரரைத் தின்ற வாய் அது என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

ஒருநாள் மேல்தட்டு காலியானது. மாசிலாமணி கீழ்த்தட்டைத் திறந்தான். அத்தனை பூவும் சேர்ந்து ஒரே பாறை. யானையைக் கூப்பிட்டு மிதிக்கச்சொல்லி உடைத்தார்கள். வறுக்கப் போட்டால் கூழானது. கூழைத் தட்டில் வைத்தார்கள். நடுவில் ஒரு பச்சைப் புழு, காலை நீட்டிப் படுத்திருந்தது.

புலி குனிந்து பார்த்தது.

"இது யார் வச்ச பூ?"

"நான்தாங்க" என்றான் மாசிலாமணி.

செண்பகவல்லி ஒதுங்கி நின்றாள். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றாள். தான் சொன்னது நடந்துவிட்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அந்த நேரம் பார்த்துக் கரடி டாக்டர் ரிசல்ட்டோடு வந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ரத்தம் சுத்தமாயிடுச்சு. கொழுப்பு இருந்த இடமே தெரியலை. இப்படி ஒரு பத்தியத்தை நான் பார்த்ததே இல்லை. இனி கறி சாப்பிடலாம்."

அன்று விழாமல் போன அந்த மூன்று வார்த்தை, 'ரத்தம் சரியாகிற வரைக்கும்', அப்போதுதான் காட்டின் காதில் விழுந்தது. குரங்கு இருந்த கிளையிலிருந்து இன்னும் ஒரு கிளை மேலே போனது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர். "வயிறு இப்பத்தான் தேறியிருக்கு. சுத்தமான கறியாப் பார்த்துச் சாப்பிடுங்க."

புலி மாசிலாமணியைப் பார்த்தது. கொழுத்த பன்றி. எச்சில் ஊறியது. பிறகு தட்டில் கிடந்த புழுவைப் பார்த்தது.

"இவன் வச்ச பூவிலயே இது. இவன் வயித்துல என்னென்ன இருக்குமோ" என்று முகத்தைச் சுளித்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பியது.

"செண்பகம், நீ எதையாவது கழுவாமத் தின்னிருக்கியா?"

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மாசிலாமணி கெட்டவன் இல்லை. பக்கத்தில் நகர்ந்து வந்து காதருகே, "தின்னிருக்கேன்னு சொல்லுக்கா. ஒரே ஒரு தடவைன்னு சொல்லு, போதும்" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். சுற்றிலும் பார்த்தாள். அவள் முகம் சுளித்த அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். முயல், மிளாமான், யானை, கிளைமேல் குரங்கு. இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"சீச்சீ" என்றாள். "ஒருநாளும் இல்லீங்க ஐயா."

"தெரியும்" என்றது புலி. உலை வைக்கச் சொன்னது.

உலை கொதித்தபோதும் அவள் சும்மா இருக்கவில்லை. "முதல்ல உப்பு மஞ்சள் தண்ணி" என்றாள். "கொதிநீர்ல ஒரு முக்குதான். உடனே குளிர்ந்த தண்ணிக்கு மாத்தணும். இல்லேன்னா கூழாயிடும்."

சொன்னபடியே செய்தார்கள். நன்றாக இருந்ததாம்.

மாசிலாமணி இன்றும் இருக்கிறான். பிள்ளை குட்டியோடு சேற்றில் கிடக்கிறான். சுத்தமாக இருங்கள் என்று யாராவது சொல்ல வந்தால், குட்டிகளைச் சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் அமுக்கி விடுகிறான்.

நீதி: காலிஃபிளவரைப் பூ நெருக்கமானதாகப் பார்த்து வாங்கு, நனைக்காமல் வை, பிரித்து உறையவை. புழுவை மட்டும் எடுத்துவிடாதே. வேளை வரும்போது உன் பக்கம் சாட்சி சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.