தள்ளக் கூடாத தண்ணீர் லாரி

அந்தமானில் துருப்பிடிக்காதவை இரண்டுதான். ஒன்று கடல். இன்னொன்று எங்கள் பத்துபஸ்தி பேட்டை பெயிண்ட் அண்ணாச்சியின் தண்ணீர் லாரி.

உப்புக் காற்றோடு அண்ணாச்சிக்கு ஜென்மப் பகை. துருவை எங்கே பார்த்தாலும் ஆகாய நீல பெயிண்டை எடுத்துவிடுவார். ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர், உள்ளே போகாமல் வாசல் கேட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார். பாடை கிளம்பும்போது கேட் பளபளவென்று இருந்தது. தோள் கொடுத்தவர்கள் எல்லாரும் சட்டையில் நீலத்தோடு சுடுகாட்டுக்குப் போனார்கள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவர் லாரியை யாரும் தள்ளி ஸ்டார்ட் செய்ததே கிடையாது. "வண்டிய தள்ளுததும் ஒண்ணு, என்னைய தெருவுல இழுத்துட்டுப் போறதும் ஒண்ணுவே" என்பார்.

என் தங்கை கல்யாணத்துக்கு அந்த லாரியைத்தான் நம்பியிருந்தோம். கோடையில் எங்கள் குழாய்களில் காற்றுதான் வரும். என்ஜின் வேலை முடிந்து லாரியும் தயாராக இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த உதிரி பாகங்களைப் போட்டு, மெக்கானிக்கான பெங்காலி மிஸ்திரி என்ஜினைப் பிரித்து மாட்டியிருந்தார். மாட்டுவதற்கு முன் அண்ணாச்சி என்ஜினுக்கு இரண்டு கோட் ஆகாய நீலம் அடித்திருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கப்பலில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் தோளில் துண்டும் கையில் சோப்புமாக வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். மறுபடியும் டிக்.

"பேட்டரி டவுன் ஹோகா" என்றார் மிஸ்திரி. பக்கத்து ஜீப்பின் பேட்டரியை மாட்டினோம். டிக். டீசல் பைப்பைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். டிக். செல்ஃப் மோட்டாரையே கழற்றித் தரையில் வைத்து ஒயரைக் கொடுத்தார். ஜம்மென்று சுற்றியது. திரும்ப மாட்டினார். டிக்.

மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணாச்சி, தக்கா மார்னா படேகா."

தள்ள வேண்டும் என்கிறார். தெருவே வேட்டியை மடித்துக் கட்டியது. அண்ணாச்சி லாரிக்குப் பின்னால் போய்க் கையை விரித்து நின்றார். "தக்கா நஹி! எவனாவது என் வண்டில கைய வச்சீங்க, பாத்துக்கிடுங்க!"

அப்பா கெஞ்சினார், சமையல்காரர் திட்டினார். மனிதர் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது தங்கை வெளியே வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கழுவத் தண்ணீர் இல்லாமல் கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

"அண்ணாச்சி, கை கழுவவாவது தண்ணி வேணுமே."

அண்ணாச்சி அந்தக் கைகளைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். தலையை வெளியே நீட்டி, "என்னவே வேடிக்கை பாக்கீங்க? தள்ளுங்க!" என்று எங்களையே அதட்டினார்.

சோப்போடு நின்ற மாமா முதற்கொண்டு எல்லாரும் தள்ளினோம். சரிவில் இரண்டு குலுக்கல், ஒரு கரும்புகை, லாரி உறுமியது. அன்று முழுக்க அண்ணாச்சி என்ஜினை அணைக்கவேயில்லை. அணைத்தால் இன்னொரு முறை தள்ள வேண்டுமே!

கல்யாணம் முடிந்த பிறகுதான் மிஸ்திரி குற்றவாளியைப் பிடித்தார். என்ஜினில் எர்த் ஒயரை முடுக்கும் இடத்திலும் இரண்டு கோட் பெயிண்ட். மின்சாரம் வந்து போக வழியே இல்லை.

"ஆப்கா பெயிண்ட், அண்ணாச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி வெட்கப்படுவார் என்று காத்திருந்தோம். அவரோ நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீரா? கரண்டே நுழைய முடியல! அடிச்சா இப்படில்லா அடிக்கணும்!"

"அப்ப, வண்டிய தள்ளினது?" என்றேன்.

"எவன் தள்ளினான்? நம்ம புள்ள கல்யாணம்னு ஊரே கூடி வண்டிய வழியனுப்பி வச்சுது."

இப்படி ஒரு மனிதர் எந்த ஊரில் இருக்கிறார், சொல்லுங்கள்? எங்கள் தெருவில் இருக்கிறார். இன்றைக்கும் டின்னும் கையுமாகத்தான் அலைகிறார்.

தங்கை கப்பலேறும்போது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு டின் ஆகாய நீலத்தையும் ஏற்றிவிட்டார். அவள் மதுரையில் இருக்கிறாள். அங்கே உப்புக் காற்று கிடையாது, கேட் துருப்பிடிப்பதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்கு ஆகாய நீலம் அடிக்கிறாள்.