ஷெரிப் வீட்டு ஆப்பிள் கேக்

பொம்மைக் கைதியின் தலை மறுபடியும் கழன்று விழுந்திருந்தது. அதை மாட்டிவிடலாம் என்று எல்டன் ப்ரோக்மேன் சிறை அறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், இரும்புக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் 'டணார்' என்று சாத்திக்கொண்டது.

"பாழாப்போன காத்து!" என்றார் எல்டன்.

தள்ளினார். உலுக்கினார். கதவு அசைவேனா என்றது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம்; சாவி போட்டால்தான் திறக்கும். சாவி வெளியே ஆணியில். செல்போன் வெளியே மேஜைமேல். உள்ளே எல்டனும், தலையில்லாத ஆஸ்கரும். ஆஸ்கர் என்று பொம்மைக்குப் பெயர் வைத்தவர் எல்டன்தான். பேச்சுத்துணைக்கு ஒரு பெயர் வேண்டாமா?

இன்றைக்கா இப்படி ஆக வேண்டும்! இப்போது மியூசியமாக இருக்கும் அந்தப் பழைய ஷெரிப் வீட்டை இடித்துவிட்டு, கோர்ட்டுக்குக் கார் நிறுத்த இடம் போடுவதா வேண்டாமா என்று மாவட்ட நிர்வாகமான கவுண்ட்டி போர்டு செவ்வாய்க்கிழமை முடிவு செய்யப்போகிறது. கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று போர்டுத் தலைவர் டுவேன் ஹாக் இன்று வருகிறார். இடித்தால் கவுண்ட்டிக்கு நஷ்டமோ இல்லையோ, எல்டனுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மனைவி லொரெய்ன் போன பிறகு ஞாயிறு மதியம் அந்தப் பண்ணை வீட்டில் அவரால் உட்கார முடிந்ததில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, பிள்ளைகள் எங்கெங்கோ. இங்கே வந்தால் ஆஸ்கராவது இருக்கிறான்.

"ஆர்டிஸ்!" என்று கத்தினார். "ஏ ஆர்டிஸ்!"

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் லுண்ட் பிறந்ததே இந்த வீட்டில்தான். அவள் அப்பா இங்கே கடைசி ஷெரிப், கவுண்ட்டியின் போலீஸ் தலைவர். முன்பாதியில் குடும்பம், பின்பாதியில் கைதிகள். அம்மா சமைத்து, சுவரில் இருக்கும் சின்ன இரும்புத் திறப்பு வழியாகத் தட்டை உள்ளே தள்ளுவாள். இப்போது ஞாயிறு தவறாமல் ஆர்டிஸ் ஆப்பிள் கேக் செய்துகொண்டு வந்து, வாசலில் வருகிறவர்களுக்கு வழி சொல்ல உட்காருகிறாள். யாராவது வந்தால்தானே வழி சொல்ல?

திறப்பின் மூடி கிரீச்சென்று விலகியது. ஆர்டிஸின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

"எதுக்கு இந்தக் கூப்பாடு?"

"மாட்டிக்கிட்டேன். கதவு சாத்திக்கிச்சு. ஆணியில சாவி இருக்கு, எடுத்துட்டு வா."

கண்ணாடி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"ஆணியில சாவி இல்லியே."

"காலையில நான்தான மாட்டினேன்!"

"உனக்கு ஞாபகம் இருக்கற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. இரு, தேடறேன்." மூடி சாத்திக்கொண்டது.

அவள் தேடப் போன நேரம் பார்த்து, வாரக்கணக்கில் ஆள் எட்டிப்பார்க்காத இடத்துக்கு ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். ஏதோ பெரிய ஊர்க்காரர்கள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"நல்ல வேளை வந்தீங்க!" என்று கம்பியைப் பிடித்தார் எல்டன். "என்னை வெளிய விடுங்க!"

மூன்று பேரும் கைதட்டினார்கள்.

"என்னமா நடிக்கிறார்!" என்றாள் அம்மா.

"நடிப்பில்லம்மா, நிஜமாவே மாட்டிக்கிட்டேன். நான்தான் இந்த இடத்துக்கே பொறுப்பு!"

"உள்ள போனவன் எல்லாம் அதைத்தான் சொல்வான்," என்று அப்பா கண்ணடித்தார்.

"என்ன தப்பு பண்ணீங்க தாத்தா?" என்றாள் பெண்.

"ஒரு தப்பும் பண்ணலடா கண்ணு. தலையை மாட்டத்தான் வந்தேன்." சொல்லிக்கொண்டே ஆஸ்கரின் தலையைத் தூக்கிக் காட்டினார். அதுதான் வினையாயிற்று. பெண் வீறிட்டாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா அதை அப்படியே போனில் படம் பிடித்தாள்.

அடுத்து லுத்தரன் சர்ச்சிலிருந்து ஒரு கும்பல். ஹாம் சாண்ட்விச் மணத்தோடு வந்து கம்பிக்கு முன்னால் நின்றது. இவர்களில் பாதிப்பேர் எல்டனுக்கு வருஷக்கணக்காகத் தெரிந்தவர்கள். அவர்களாவது நம்புவார்கள் என்று பார்த்தால், "எல்டனுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு நமக்குத் தெரியாமப் போச்சே!" என்று அங்கலாய்த்தார்கள். அவர் கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு ஏறியது. கோபத்தில் தகரக் குவளையால் கம்பியை அடித்தார். "ஆகா!" என்றார்கள். நொந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினாள்.

அந்த நெரிசலுக்குள் புகுந்து முன்னால் வந்து நின்றார் டுவேன் ஹாக்.

"என்னய்யா இது, திருவிழாக் கூட்டம்! காரை எங்க விடறதுன்னே தெரியல!"

எல்டன் வாயைத் திறந்தார். மூடினார். 'மாட்டிக்கிட்டேன், காப்பாத்துங்க' என்று இவரிடம் சொன்னால் என்ன ஆகும்? தன்னையே பூட்டிக்கொள்கிற கிழவனை நம்பி ஒரு கட்டடத்தை யார் விடுவார்கள்? செவ்வாய்க்கிழமையே புல்டோசர் வரும்.

மெதுவாக எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"திருடினேன்," என்றார். "ஒத்துக்கறேன். குதிரையைத் திருடினது நான்தான்."

சத்தம் அடங்கியது. எல்டனுக்கே ஆச்சரியம், பேச்சு தானாக வந்தது. சுவருக்குக் கல் கொண்டுவந்த கதை, குளிர்காலத்தில் கம்பியில் பனி உறைந்த கதை, ஷெரிப்பின் மனைவி தட்டைத் தள்ளிய கதை. "அந்த அம்மாவுக்குச் சமையல்னா உசிரு. ஆனா ஷெரிப் வீட்டுக்கு விருந்துக்கு யாருங்க வருவாங்க? ஓட முடியாத எங்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு," என்றபோது கூட்டம் சொக்கிப்போய் நின்றது. ஆஸ்கரிடம் வருஷக்கணக்காகச் சொன்ன கதைகள்தான் எல்லாம்.

டுவேன் கம்பிக்குள் கையை விட்டு அவர் கையைக் குலுக்கினார். "இடிக்கறதா? யார் சொன்னது? நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க. ஆனா ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கைதி இங்க இருக்கணும்!"

"எங்க போயிடப்போறேன்?" என்றார் எல்டன், மனசாரவே.

சாயங்காலம் எல்லோரும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். "பிரமாதம் எல்டன்!" என்று கையசைத்தார்களே தவிர, 'நீ எப்படிப் போவாய்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. கார்களின் சத்தம் அடங்கியது. குளிர்காலம் முழுக்கப் பேசாததை அவர் அந்த ஒரு மதியத்தில் பேசியிருந்தார். எல்லாம் அந்தக் குதிரைத் திருடன் பேசியது. எல்டனிடம் யாரும் எதுவும் பேசவில்லை. கட்டடம் பிழைத்துவிட்டது, ஆனாலும் அழுகை வந்தது. ஆஸ்கரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

திறப்பு கிரீச்சிட்டது. ஒரு தட்டு உள்ளே வந்தது. ஆப்பிள் கேக், பக்கத்தில் சூடான காபி.

"பசிக்கும், சாப்பிடு," என்றாள் ஆர்டிஸ். அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

வேறு போக்கிடம் இல்லை. சாப்பிட்டார். கேக் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"பட்டை கூடப் போட்டிருக்கியா?"

"அம்மா பக்குவம்." அவளும் ஒரு துண்டைக் கடித்தாள். லொரெய்னுக்குப் பட்டை பிடிக்காது என்று எல்டன் சொன்னார். அப்படியே லொரெய்னைப் பற்றியும் சொன்னார், இதுவரை ஆஸ்கரிடம்கூடச் சொல்லாததை. தட்டு காலியானபோது வெளிச்சம் மங்கியிருந்தது.

"சரி, சாவி எங்கதான் போச்சு? கிடைச்சுதா இல்லையா?"

ஆர்டிஸ் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். கனமான இரும்பு ஒன்று திறப்பு வழியாக வந்து, காலித் தட்டில் 'டங்' என்று விழுந்தது.

"தொலைஞ்சாத்தானே கிடைக்கறதுக்கு? கதவைச் சாத்தினதும் நான்தான், அவர் நடிப்பார் திறந்துடாதீங்கன்னு வாசல்ல சொல்லி அனுப்பினதும் நான்தான்; இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உனக்குன்னு கேக் செஞ்சு கொண்டுவர்றேனே, ஒருநாளாவது உக்காந்து சாப்பிட்டிருக்கியாய்யா நீ?"