எருமைக்கு இரண்டு கொக்கி

இந்த முறை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தேன். சேற்றிலும் சரி, மனைவியிடமும் சரி.

சேறாவது பரவாயில்லை. ஒரு கயிறும் இன்னொரு வண்டியும் இருந்தால் விட்டுவிடும். என் மனைவியிடம் மாட்டியவனை இழுத்து வெளியே போட இன்னும் ஒரு வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க அடுத்தவர் கண் முன்னால் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன். ரோடே இல்லாத இடமாகப் பார்த்துத் தேடிப் போய் ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் நானும் உண்டு. என் ஜீப்புக்கு மனைவி வைத்த பெயர் எருமை. "சேத்தைக் கண்டா போய்ப் படுத்துக்குது. எழுப்ப ஊரே வர வேண்டியிருக்கு" என்பாள்.

போன மாதம் ஏரிக்கரையில் எருமை படுத்தது. முன்னால் நின்ற ஜீப் என் மச்சினனுடையது, மனைவியின் ஒரே தம்பி. என் பம்பருக்கு அடியில் ஒரு வளையம் இருந்தது. அதில் கயிற்றைக் கட்டி இழுத்தான். லாரியில் ஏற்றி வரும்போது வண்டி ஆடாமல் கட்டிவைக்கக் கொடுத்த வளையமாம் அது. இழுக்கிற வேலைக்கு ஆகாதாம். வளையம் பிய்த்துக்கொண்டு பறந்து, மச்சினன் ஜீப்பின் பின்கண்ணாடியை உடைத்து, அவன் காதோரமாகப் போய் முன்னால் குத்திக்கொண்டு நின்ற பிறகுதான் இந்த விவரம் எங்களுக்குத் தெரிந்தது.

"அக்காகிட்ட சொல்லிடாதடா" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் மாமா" என்றான்.

வீட்டில் வளையத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. மறுநாள் சாப்பிடும்போது மனைவி திடீரென்று, "இனிமே தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. ராத்திரியெல்லாம் தையல் வேலை போல என்று நினைத்துக்கொண்டு, "இறங்க மாட்டேன்" என்று சொல்லிவைத்தேன். முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள், கண் சிவக்காமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் சிக்கல். மலைமேல் ஒரு அருவி இருக்கிறது. அதற்குப் போகும் ஓடைப் பாதை, மழை முடிந்த கையோடு கொஞ்ச நாள்தான் போகிற மாதிரி இருக்கும். வருஷா வருஷம் ஏதாவது ஒன்று வந்து என்னைத் தடுத்துவிடும். இந்த ஞாயிறு எங்கள் கூட்டம் கிளம்புகிறது. கூட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர், சைரன் மாதிரிதான் பேசுவார்.

"முன்னாடி உறுதியான கொக்கி இல்லாத வண்டி வரவே கூடாது! ஒரு தடவை பறந்தது போதும்!"

கொக்கி மாட்டினால் மனைவி கேட்பாள். தார் ரோட்டில் போகிறவனுக்குக் கொக்கி எதற்கு? மாட்டாவிட்டால் அருவி கிடையாது. யோசித்தேன். கொக்கியை அலங்காரம் என்று சொல்லிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம் என்று கிளம்பிவிடுவது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், மெச்ச வேறு ஆள் இல்லாததால்.

மெக்கானிக்கிடம் போனேன்.

"பம்பர் நடுவுல சின்னதா ஒரு கொக்கி. இருக்கிறதே தெரியக் கூடாது."

"பம்பர்லயா? அது வெறும் மேல்துணி சார். இழுத்தா துணியோட பிச்சுக்கிட்டு வந்துடும். உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம், சேஸிஸ், அதுலதான் மாட்டணும். பட்டனுக்கு அடியில துண்டுத் துணி வெச்சுத் தைக்கிற மாதிரி, பின்னாடி ஒரு தகடு கொடுக்கணும்."

"சரி, ஒண்ணு மாட்டு."

"ஒண்ணு போட்டா இழுக்கிறப்போ ஒரு பக்கமா கோணிக்கும். ரெண்டு பக்கமும் போட்டாதான் கணக்கு."

போட்டதுமில்லாமல் சிவப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டான்.

"தெரியக் கூடாதுன்னு சொன்னேனேய்யா!"

"சேத்துல தெரியணுமே சார். அவசரத்துக்குக் கை தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

எஞ்சினும் கிரீஸுமாகக் கிடக்கிறவன் மேல்துணி, பட்டன் என்று பேசுகிறானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டதோடு விட்டுவிட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். கழுத்தில் அளவு டேப்போடு மனைவி வந்தாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"எது?"

"எருமை மூஞ்சியில ரெண்டு பக்கமும் செவப்பா."

"அழகுக்கு. தோடு மாதிரி."

"தோடுக்கு எதுக்குங்க இவ்வளவு தடி போல்ட்டு?"

"திருட்டுப் பயம்."

குனிந்து ஒரு கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தாள். பிறகு இன்னொன்றையும். இரண்டும் அசையவில்லை. "நல்ல அழகுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கென்னவோ அவள் நிம்மதியாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பொய் பலித்துவிட்டது என்று நானும் ஒரு மூச்சு விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம்.

"என் நீல ஜீன்ஸைக் காணோமே?"

"தைக்க வேண்டியிருந்துச்சு, எடுத்திருக்கேன். எதுக்கு?"

"நாளைக்கு முகாம். கண் முகாம்."

"எங்க?"

"மலையடிவாரத்துல... ஓடைக்குப் பக்கத்து ஊர்ல..."

"பள்ளிக்கூடத்துலயா?"

"ஆமாமா, பள்ளிக்கூடத்துலதான்!" பாதிப் பொய்யை அவளே முடித்துக் கொடுத்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

"எழுத்துப் போர்டு, லென்ஸ் பெட்டி எல்லாம் எடுத்து வெச்சீங்களா? மறந்துடுவீங்க." அவளே இரண்டையும் தூக்கி வந்து ஜீப்பில் வைத்தாள். இப்படி ஒரு மனைவியிடம் பொய் சொல்கிறோமே என்று அன்றைக்குத் தூக்கம் வரக் கொஞ்சம் நேரமானது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அருவி ஞாபகம் வந்தது, தூங்கிவிட்டேன்.

ஞாயிறு விடியுமுன்பே, யாருக்கோ துணி அளவெடுக்க வேண்டும் என்று மனைவி கிளம்பிப் போய்விட்டாள். காலையில் ஓடை முகப்பில் வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் மச்சினன் ஜீப், புதுப் பின்கண்ணாடியோடு. அது சேற்றைத் தாண்டி அலுங்காமல் கரையேறியது. அடுத்தது நான். ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். சக்கரம் சுற்றியது, சேறு என் மூஞ்சியில் தெறித்தது, எருமை படுத்துவிட்டது.

"முன்வண்டி, இழு!" என்று தலைவர் சைரன் எழுப்பினார்.

மச்சினன் ஜீப் பின்னோக்கி வந்து, கோடு போட்ட மாதிரி என் முன்னால் நின்றது. பயல் நன்றாக ஓட்டப் பழகிவிட்டான் என்று திரும்பினால், மச்சினன் கரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் ஓட்டியது யார்?

ஜீப் கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு என் மனைவி இறங்கினாள்.

நேராக வந்து, என் கண்ணாடியைக் கழற்றி, அதில் அப்பியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

"நீ... எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்டே?"

"'உனக்கெல்லாம் கிளட்ச் வராது'ன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அதுக்கு மறுநாள்லேர்ந்து. தம்பிதான் சொல்லிக் கொடுத்தான்."

"அவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினானே!"

"சொல்லலையே. அந்த வளையத்தைக் கொண்டாந்து என் மிஷின் மேல வெச்சுட்டு, உட்கார்ந்து அழுதான். அப்புறம் நானும் அழுதேன்." கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "போகாதீங்கன்னா நீங்க போகாம இருக்கிற ஆளா? பொய் சொல்லிட்டுப் போவீங்க. அதான் நானே மெக்கானிக்கிட்ட போய், எங்க மாட்டணும், எப்படி மாட்டணும்னு கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு, அப்படியே மாட்டச் சொன்னேன். ஆசைப்பட்ட இடத்துக்குப் போங்க. ஆனா எனக்கு நீங்க முழுசாத் திரும்பி வரணும்."

துடைத்த கண்ணாடி மறுபடியும் மங்கலாகிவிட்டது. இந்த முறை சேறு இல்லை. "தப்புதான்" என்றேன்.

இரண்டு கொக்கிக்கும் சேர்த்து ஒரு பட்டையை மாட்டினாள். அதன் நடுவில் இழுவைக் கயிற்றைக் கோத்தாள். கடைசியாக, கால் இரண்டும் தைத்து மூடி மணல் நிரப்பிய என் நீல ஜீன்ஸைக் கயிற்றின் நடுவில் தொங்கவிட்டாள்.

"கயிறு அறுந்தாலும் இந்த கனம் கீழே அமுக்கிடும். யார் தலைக்கும் பறக்காது."

தலைவர் அவளுக்கு சல்யூட் அடித்தார். எருமை முனகிக்கொண்டு எழுந்து கரைக்கு வந்தது. கொக்கிகள் அசையவில்லை.

"அருவிக்குப் போலாமா?" என்று குழைந்தேன்.

"போலாம். முகாம் முடியட்டும்."

"எந்த முகாம்?"

"நீங்க சொன்ன முகாம்தான். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்கிட்டதான் துணி தைக்கிறாங்க. நேத்தே போன் பண்ணிட்டேன். ஊரே வந்து உட்கார்ந்திருக்கு. என் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவற மாட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன்."

என்னையும் போர்டையும் லென்ஸ் பெட்டியையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டாள். திரும்ப எருமையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க முடிக்கிறதுக்குள்ள பாதை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்துடறேன். தோடு போட்டது வீணாப் போகக் கூடாதுல்ல."

சட்டையில் காய்ந்த சேற்றோடு ஊருக்கே கண் பார்த்தேன். வரிசை குறையக் குறைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பத்திரமாக வர வேண்டுமே என்று. வெயில் சாயும்போது, எல்லாருக்கும் கடைசியாக, தலை நனைந்து ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்டின் கடைசி வரியைத் தடங்கலில்லாமல் படித்தாள்.

"அருவி எப்படி இருந்துச்சு?"

"அடுத்த ஞாயிறு கூட்டிட்டுப் போறேன். பக்கத்து சீட்டுல உட்கார்ந்து நல்லாப் பார்த்துட்டு வாங்க."

"ஓடையில ரொம்பக் கஷ்டமா? கொக்கி தாங்குச்சா?"

"கொக்கிக்கு வேலையே வரலைங்க. ஓட்டினது நான்தானே."