ஏமாறுவதற்கென்றே தொடர் பார்ப்பவர்

தொலைக்காட்சி பார்ப்பவர்களில் பல இனம் உண்டு. பார்த்துக்கொண்டே குறட்டை விடுகிறவர், அடுத்து என்ன வரும் என்று முந்திச் சொல்கிறவர், வில்லனைப் பார்த்துச் சாபம் விடுகிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்த இனம் வேறு. பத்தாவது நிமிடத்திலேயே "சகிக்கல" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அதன்பிறகு பத்து வாரமும், கழிவறைக்குக்கூட விளம்பர நேரத்தில் ஓடிப்போய் ஓடிவந்து, ஒரு நிமிடம் விடாமல் பார்க்கிறாரே, அவர். ஏமாறுவதற்கென்றே உட்காருகிறவர். உங்களுக்கு அப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். எங்கள் ஊரான வால்திவியாவில் எல்லாருக்கும் வென்செஸ்லாவ் ஓயர்சூனைத் தெரியும்.

ஆற்றங்கரை மீன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். கைராசிக்காரர். அவர் தொட்ட கம்ப்ரஸர் அடுத்த மழைக்காலம்வரை முனகாது. ஆனால் பழுது கண்டுபிடித்தே பழகிய கண்ணைச் சாயங்காலம் கழற்றி வைக்க முடியுமா?

'ஒன்பதாம் நிலவு' தொடர் வருகிறது என்று ஆறு மாதமாகப் பேருந்துகளின் முதுகிலெல்லாம் எழுதியிருந்தார்கள். இந்த நாடு இதுவரை காணாத செலவு. குடும்பத்தோடு பார்க்க வேண்டிய விண்வெளிக் கதை. ஒரு அப்பா, ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய் ஏறிய விண்கலம் வழிதவறிப் பெயர் தெரியாத கிரகத்தில் விழுகிறது. ஓயர்சூன் ஆசையாகத்தான் காத்திருந்தார். காரணம் விண்கலம் அல்ல. அவருடைய பதின்மூன்று வயது மகள் மில்லாராய், வருடப் பிறப்பிலிருந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள், "ஞாயித்துக்கிழமை சேந்து பாப்பமா அப்பா?" என்று தானாக வந்து கேட்டிருந்தாள்.

முதல் ஞாயிறு. வெளியே மழை. விறகடுப்பின் கதகதப்பு, தேநீர், அவகாடோ மசித்துத் தடவிய ரொட்டி. ஓயர்சூன், அவர் மனைவி நோல்ஃபா, மில்லாராய், எதிர்வீட்டிலிருக்கும் நோல்ஃபாவின் தம்பி எலியெசெர். விண்கலத்தின் கதவு மூடியது.

"கதவப் பாத்தியா? ரப்பர் எங்க? கசாப்புக்கடை ஃப்ரீசருக்கே நான் ரெண்டு சுத்து ரப்பர் போட்டுக் குடுத்திருக்கேன். இவன் ஆகாயத்துக்குப் போறான், வெறும் தகரக் கதவு!"

"கெழவா, பேசாம பாரு," என்றாள் நோல்ஃபா.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். பாக்கறதாலதான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் இருந்ததா? இல்லை, அதுதான் சங்கடம். விண்கலத்துக்குக் கொட்டிக் கொடுத்தவர்கள் கதை எழுதியவனுக்கு ஒரு நல்ல பேனாகூட வாங்கித் தரவில்லை. கலத்துக்குள் நான்கு நிமிடத்துக்குத்தான் காற்று இருக்கிறது. அதில் மூன்று நிமிடம், பெரிய மகனின் பிறந்தநாளுக்கு வராமல் போனதற்காக அப்பா மன்னிப்புக் கேட்கிறார். ஆபத்து வந்தால் அம்மா எல்லாரையும் கட்டிப்பிடித்து "நாம ஒரு குடும்பம்" என்கிறாள். ஆபத்து போனாலும் கட்டிப்பிடிக்கிறாள். பெயர் தெரியாத கிரகமோ நம்முடைய வடக்குப் பாலைவனம். அங்கே செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டிய எலியெசெர் எழுந்து நின்றே காட்டினான்: "அந்த மேட்டுக்குப் பின்னாடிதான் மச்சான் எங்க கேன்டீன்!" இரண்டாம் வாரம் பூதம் வந்தது. "இதுக்கா பயப்படணும்? நம்ம மீன் சந்தையில படுத்திருக்கிற கடற்சிங்கம் இதவிட மொறைக்கும்," என்றார் ஓயர்சூன்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தார்களா, போச்சு! இந்த இனத்துக்கு ஒரு சிரிப்புப் போதும், ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். ஐந்தாம் வாரம், கதாநாயகனுக்கு வாய் திறக்கும் வாய்ப்பே இல்லை; ஓயர்சூன் பேசி முடித்தால்தானே?

மில்லாராய் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்கும் இது புடிக்கலதான். ஆனா எனக்குப் புடிக்காம போறதுக்குக்கூட நீ நேரம் குடுக்க மாட்டேங்கிற."

அறைக் கதவு சாத்தப்பட்டது.

ஆறாம் ஞாயிறு ஓயர்சூன் தானே பூசணி மாவில் சோபாய்ப்பியா பொரித்து, தட்டில் அடுக்கி வந்து பார்த்தால், வீட்டில் யாரும் இல்லை. சன்னலைத் துடைத்தார். எதிர்வீட்டில் நீல வெளிச்சம். அதில் மூன்று தலைகள்.

போகட்டும், முழு சோபாவும் நமக்குத்தான் என்று காலை நீட்டி உட்கார்ந்தார். பூதம் கலத்தின் ஆன்டெனாவைக் கடித்தது. "பல்லு பிளாஸ்டிக்கு!" என்றார். 'பேசாம பாரு' என்று சொல்ல ஆளில்லை. ஏமாற்றத்தைக் கேட்க ஒரு காது இல்லாவிட்டால் ஏமாந்து என்ன பயன்? அடுத்த காட்சியில் அந்த உதவாக்கரை அப்பா, மகளின் அறை வாசலில் உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்தார். நடிப்பு மோசம். பின்னால் அழுகிற வயலின் அதைவிட மோசம். ஓயர்சூனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வயலின் அதிகம்," என்று விறகடுப்பிடம் சொன்னார். அது ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

விளம்பரம் வந்ததும் தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"வாங்க மச்சான். சத்தம் ஒண்ணும் கேக்கலையேன்னு இப்பத்தான் நெனச்சேன்," என்றான் எலியெசெர்.

"ஒரு வார்த்தை பேசினாலும் வெளிய," என்றாள் மில்லாராய், திரும்பாமல்.

ஓயர்சூன் தலையாட்டினார். பாதுகாப்புக்கு ஒரு முழு சோபாய்ப்பியாவை வாயில் அடைத்துக்கொண்டார். பன்னிரண்டு நிமிடம் ஓடியது. திரையில் கலத்தின் அணைந்த எந்திரம் தானே கிளம்பியது. பூதம் வந்தது. அம்மா கையை விரித்தாள். ஓயர்சூனின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறக்கவில்லை. எலியெசெர் முழங்காலைச் சொறிந்தான். நோல்ஃபா கூரையைப் பார்த்தாள். அவர் பேசாதபோதுதான் தொடர் எவ்வளவு நீளம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அப்பா," என்றாள் மில்லாராய். "ஆறு வாரமா அந்த நாய் எங்க போய் ஒண்ணுக்கு இருக்குது?"

அவர் சோபாய்ப்பியாவை அவசரமாக விழுங்கினார். "எங்கிட்டயா கேக்கற?"

"உங்கிட்டதான்."

அவரிடம் நாற்பது பதில் இருந்தது. வடிகால் குழாய், மிதக்கும் சொட்டு, வடிகட்டி, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. மகளின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலையேம்மா. நீ என்ன நெனைக்கிற?"

அவள் காலை மடக்கி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நாயில் தொடங்கி, அந்த அம்மா ஒருநாளும் தலை சீவாமல் எப்படிச் சுருள் கலையாமல் இருக்கிறாள் என்பதுவரை எட்டு நிமிடம் பேசினாள். அவர் ஒரு சொல் குறுக்கிடவில்லை. அன்றைக்குப் பூதம் யாரைத் தின்றது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் திருந்திவிட்டார் என்று நம்பி ஏமாறாதீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை. மிஞ்சிப்போனால், முறை போட்டுப் பேசக் கற்றுக்கொள்ளும். உங்களுக்கென்ன, நீங்கள் அப்படியில்லை. இரண்டாவது பத்தியிலேயே "ஆரம்பம் சுமார்தான், முடிவு எப்படியும் சொதப்பும்" என்று முடிவு கட்டிவிட்டு, கடைசி வரிவரை விடாமல் வந்து நிற்கிறீர்களே, அது வேறு யாரோ.