கிருபாராணிக்கு ஒரு கத்தி

கைப்பிடி ஜெபகுமாரின் கையில் இருந்தது. அலகு சேனைக்கிழங்கில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த திருகாணி அடுப்புமேடைக்கு அடியில் எங்கேயோ உருண்டு போய்விட்டது.

"என்னங்க, கத்தி எப்படி?" என்று கூடத்திலிருந்து கிருபாராணி கேட்டாள்.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் ஜெபகுமார்.

கைப்பிடியின் அடியில் சின்னதாக ஒரு திசைகாட்டி வைத்திருந்தார்கள். அது மட்டும் சேதாரமில்லாமல் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. வடக்கே இமயமலை இருக்கிறது. மே மாதம் கிருபாராணி அங்கேதான் போகிறாள். ஜெபகுமார் கைப்பிடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

போடிநாயக்கனூரில் ஜெபகுமாருக்கு ஏலக்காய் வியாபாரம். கிருபாராணி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவள் சுவரில் படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு இமயமலையை நடத்திக்கொண்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. இப்போது மதுரையில் சில பெண்கள் சேர்ந்து, கூடாரமும் அரிசியும் பருப்பும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு மாதம் மலைமேல் நடக்கப் போகிறார்கள். அவளும் பெயர் கொடுத்துவிட்டாள். அதற்குப் பழக, சனிக்கிழமை ஆனால் போதும், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் ஏறத் தொடங்கிவிடுவாள். ஜீப்பில் போகிற தோட்டத்து ஆட்கள் இரக்கப்பட்டு நிறுத்துவார்கள். "நீங்க போங்கப்பா" என்று கையைக் காட்டிவிட்டு நடப்பாள்.

இதில் ஜெபகுமாருக்கு என்ன வருத்தம் என்றால், அவருக்குச் சுடுதண்ணீர் போடக்கூடத் தெரியாது. முன்னொரு தடவை கிருபாராணி தங்கையின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போனபோது, மூன்று வேளையும் புரோட்டாவும் சால்னாவுமாகத் தின்று, கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் தொட்டிலைப் பார்த்தும் பார்க்காததுமாகப் பஸ்சைப் பிடித்து ஓடிவந்தாள். போன வருஷம் இதே இமயமலைக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முன்னால் ஜெபகுமாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. அவள் பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் திருப்பி அடுக்கினாள். அடுக்கும்போது அவள் முகத்தை ஜெபகுமார் பார்த்தார். அதற்கப்புறம் போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

வரவில்லை. அதனால்தான் கத்தியைப் பிடித்துக்கொண்டார்.

தை மாதம், ஆளுக்கொரு கத்தி கொண்டுவர வேண்டும் என்று குழுத் தலைவி ஃபோனில் சொல்லியிருந்தாள். மடக்குகிற கத்தி கூடாது, மடிப்பில் மண் ஏறினால் திறக்காது, அலகு கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும், காட்டில் உயிர் பிழைப்பதே அதை வைத்துத்தான் என்று ஒரே விளக்கம். பக்கத்தில் இருந்து கேட்ட ஜெபகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கத்திய எங்கிட்ட விட்டுரு. நான் பாத்து வாங்குறேன். ஆனா ஒண்ணு, நல்ல கத்தி அமையாம ஒன்ன அனுப்ப மாட்டேன்."

"சரிங்க. நீங்க பாத்து எடுத்தாத்தான் எனக்கும் நிம்மதி" என்றாள் கிருபாராணி.

ஜெபகுமாருக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. குறை கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்! எவ்வளவு நல்ல ஏலக்காய் வந்தாலும் உள்ளங்கையில் நாலைப் போட்டு உருட்டி, நிறம் பத்தாது, காய் வெடித்திருக்கிறது, ஈரம் போகவில்லை என்று ஏதாவது சொல்லாமல் அவர் லோடு இறக்கியதில்லை. கத்தி எந்த மூலைக்கு? மே மாதம் வரைக்கும் ஒவ்வொன்றாய்க் கழித்துக் கட்டிவிட்டால் ரயில் தானாகப் போய்விடும்.

ஆனால் கிருபாராணி ஒரு நிபந்தனை வைத்தாள். காட்டில் கத்திக்கு முக்கால்வாசி வேலை காய் நறுக்குவதுதான், எல்லாரும் முறைவைத்துச் சமைக்க வேண்டும், ஆகவே சோதனையும் அடுப்படியில்தான் நடக்க வேண்டும். தனக்கு விடைத்தாள் திருத்துகிற சோலி கழுத்தை நெரிக்கிறது.

"சரக்க வாங்குறவருதானே சோதிக்கணும்? அதானே ஒங்க தொழில் முறை" என்றாள்.

அப்படி வந்ததுதான் இந்தத் திசைகாட்டிக் கத்தி. முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் தீப்பெட்டியும் தூண்டில் முள்ளும், இத்தனை இருந்தும் ஒரு சேனைக்கிழங்குக்குத் தாங்கவில்லை. அலகு பிடிக்குள் ஓடவே இல்லை, பிடி வெறும் குழாய். முதல் கத்தி ஒழிந்தது என்று ஜெபகுமார் சந்தோஷமாகக் கூடத்துக்கு வந்து சொன்னார்.

"நல்லவேளை, மலையில போயி கழண்டிருந்தா என்ன ஆகிறது" என்று கிருபாராணி உடனே ஒத்துக்கொண்டாள். அவள் இவ்வளவு சுலபமாக எதையும் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. ஜெபகுமார் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. "கெழங்கு பாதி அறுத்தபடி கெடக்கே, வீணாப் போகணுமா? மிச்சத்த அரிவாள்மணையில நறுக்கி வறுத்துருங்க. மொளகாப்பொடி ரெண்டாவது டப்பா."

அன்று மத்தியானம் இருவரும் கருகிய சேனை வறுவல் சாப்பிட்டார்கள்.

அடுத்த கத்தி பூச்சு எதுவும் இல்லாத பச்சை இரும்பு. ஃபோன் வீடியோக்களில் வருகிற தாடிக்காரர்கள் எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடிய ரகம். எலுமிச்சம்பழம் அறுத்ததும் அலகு கருத்துப்போனது. தண்ணீரில் போட்டு மறந்த அரைமணியில் செம்மண் நிறத்துக்குத் துரு பூத்தது. அந்த எலுமிச்சம்பழ சாதம் தண்ணீர்க் குழாயை நக்கினாற்போல இருந்தது. அதையும் இருவரும் சாப்பிட்டார்கள். கடுகு பொரிந்த பிறகுதான் மஞ்சள்தூள் போட வேண்டும் என்று அன்றைக்கு ஜெபகுமார் தெரிந்துகொண்டார். அதைத் தெரிந்துகொண்டதாக அவருக்கே தெரியவில்லை.

துரு பிடிக்காத எஃகில் ஒன்று பஜாரில் பாண்டித்துரை கடையில் கிடைத்தது. பூசணிக்காய்க்குப் பாதி தூரம் போவதற்குள் கூர் மழுங்கிவிட்டது. திருப்பிக் கொண்டுபோனபோது பாண்டித்துரை குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. கத்தியாவே வாங்குறீகளே, வீட்ல எதும் மனக்கசப்பா?"

"காய் நறுக்கப்பா" என்றார் ஜெபகுமார். ஜெபகுமார் காய் நறுக்குகிறார் என்று சொன்னால் போடியில் யார் நம்புவார்கள்? பாண்டித்துரையின் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

அதற்குப் பிறகு பக்கத்தில் சிலமலை ஊர்க் கொல்லரிடம் சொல்லி, பழைய ஜீப்பின் இரும்பு வில்லுப்பட்டையில் ஒன்று அடித்து வாங்கினார். அது கத்தியா கடப்பாரையா என்று தெரியாத கனம். விறகைப் பிளந்தது, தேங்காயைப் பிளந்தது. சின்ன வெங்காயத்தை மட்டும் நறுக்காமல் நசுக்கியது. ஒரு கிண்ணம் சாம்பார் வெங்காயம் நசுங்கியதில் ஜெபகுமாருக்குக் கண்ணீர் ஆறாக ஓடிற்று. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அன்னக்கொடி உறைமோர் கேட்டு வந்தாள். அவள் கண்டது என்னவென்றால், கையில் முழநீளக் கத்தியோடு ஜெபகுமார் தேம்பிக்கொண்டு நிற்கிறார், எதிரே கிருபாராணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்னக்கொடி மோர் வாங்காமலே போய்விட்டாள்.

சேதி போய், சாயங்காலம் சர்ச்சுப் போதகர் அன்புச்செல்வன் வந்துவிட்டார். குடும்பம் என்றால் மனத்தாங்கல் வரும், ஆத்திரத்தில் எதையும் கையில் எடுக்கக்கூடாது என்று மெதுவாகத் தொடங்கி, "அந்தக் கத்திய எங்கிட்டக் குடுங்க தம்பி" என்று கையை நீட்டினார்.

ஜெபகுமார் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறிந்துபோகும் என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் இந்த ஒன்று மட்டும் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. போதகரோடு சண்டை வரலாமா? அவர் கையை ஒதுக்கிவிட்டு, கத்தியை மேசைமேல் ணங்கென்று வைத்தார். போதகர் நாற்காலியோடு ஒரு சாண் பின்னால் போனார்.

கிருபாராணி விவரத்தைச் சொல்லி முடித்தபோது போதகருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜெபகுமார் வைத்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். "உப்பு மட்டும் ஒரு கல்லு கொறையுது" என்றார். ஜெபகுமாருக்குச் சுருக்கென்றது. மறுநாள் யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சாம்பார் வைத்துப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஐந்தாவதாக ஒரு கத்தி வந்தது. உள்ளங்கை நீளத்துக்கு அலகு, முதுகு அளவான தடிமன், பிடி கையோடு ஒட்டிக்கொண்டது. பீன்ஸ் பொடிப்பொடியாக விழுந்தது. தக்காளி ஒரு சொட்டு வழியாமல் துண்டானது. மீன் செதிலும் போயிற்று. ஜெபகுமார் உருட்டிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"இன்னும் ஒரு சோதன பாக்கியிருக்கு. நனைஞ்ச வெறகுல தீ மூட்டணும்" என்றாள் கிருபாராணி. "சனிக்கிழம நான் நடந்து வர்றேன், நீங்க ஜீப்புல மேல வந்துருங்க."

போடிமெட்டுக்கு மேலே, ஜெபகுமார் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு ராக்கு என்கிற அம்மாள் காவல். சனிக்கிழமைகளில் கிருபாராணி அவளிடம் பால் ஊற்றாத கட்டஞ்சாயா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். ஜெபகுமார் போய்ச் சேர்ந்தபோது கோடைமழை கொட்டி ஓய்ந்திருந்தது. கிருபாராணி தலைமுதல் கால்வரை நனைந்து, மூட்டையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெபகுமார் ஈரக் கட்டை ஒன்றை நிறுத்தி, கத்தியை மேலே வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் தட்டினார். கட்டை பிளந்தது. உள்ளே காய்ந்திருந்த நடுக்கட்டையைச் சுருள் சுருளாகச் சீவினார். இரண்டு தீக்குச்சி வீணானது, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ராக்குவிடம் அரிசியும் பாசிப்பருப்பும் கேட்டு வாங்கிக் கஞ்சி வைத்தார். பூண்டு தட்டிப் போட்டார். தேங்காயும் வற்றலும் சுட்டுத் துவையல் அரைத்தார். கூடத்திலிருந்து யாரும் எந்த டப்பா என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குடித்தார்கள். கிருபாராணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட மலையில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குதிகாலில் செருப்புக் கடித்துத் தோல் உரிந்திருந்தது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். போன வருஷம் துணி அடுக்கியபோது பார்த்த முகம் ஜெபகுமாருக்கு நினைவு வந்தது.

கூர் மழுங்கிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"கத்தி நல்ல கத்தி கிருபா. ஒரு கொறையும் இல்ல" என்றார். "நான்தான் சரியில்ல. ஒன்ன அனுப்ப மனசில்லாமதான் ஒவ்வொண்ணா நொட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். நீ இல்லாத வீட்ட நெனைச்சாலே பயமா இருக்கு. ஆனா நீ போயிட்டு வா."

கிருபாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். "இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினார். பிறகு கத்தியைத் துடைத்து, உறையில் போட்டு, கைக்குக் கை கொடுக்காமல் பக்கத்துக் கல்மேல் வைத்தார். கிருபாராணி அதை எடுக்கவில்லை. ஒரு விரலால் அவர் பக்கமே நகர்த்தினாள்.

"இது ஒங்களுக்குங்க. அடுப்படியில இருக்கட்டும்."

"அப்ப நீ எதக் கொண்டுபோவ?"

கிருபாராணி கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தாள். ஜெபகுமார் அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். துவையலை வழித்து நக்கி முடித்த ராக்கு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"மொதலாளிதான் சமைக்கப் பழகிட்டாகளே டீச்சர், தை மாசம் ஏங்கிட்டக் குடுத்து வச்சீகளே ஒங்க கத்தி, அத இப்ப எடுத்தாரட்டா?"